கொள்ளு விற்ற ராவுத்தர்

போன மாதம் பேங்க்கில் ஒரு பெண் என் வீட்டுக்காரர் பெயரைப் படித்துவிட்டு, "பாட்டி, கடைசியில ராவுத்தர்னு இருக்கே, அப்படின்னா என்னங்க?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. வரிசையில் ஆள் இல்லாத நேரம், அவளுக்கும் பொழுது போகவேண்டும்.

"குதிரை ஏறுறவங்கன்னு அர்த்தம் கண்ணு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாசலில் இருக்கும் இரண்டு படி ஏறுவதற்கே காவலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். அதை அவள் பார்த்திருக்கிறாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வயசுக்காரர்கள் நீங்கள் நாலு பேர் படித்தால் போதும். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படிக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை. சின்னவர்கள் படித்தால், அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று கிழவி புலம்பப் போகிறாள் என்பார்கள். எனக்கு ஒன்றும் நன்றாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டபெட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டம். அதன் வாசலில் ஏழெட்டுக் கடைகள். அதில் ஒன்று எங்கள் அத்தாவுடையது. அரிசி, மிளகாய், கருப்பட்டி, மண்ணெண்ணெய், கம்பளி எல்லாம் விற்பார். கடைக்குப் பின்னால் வீடு. நான் நடக்கப் பழகும் முன்பே அம்மா மௌத்தாகிவிட்டார். வீட்டில் அத்தா, அக்கா, நான். அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் நாங்கள் ஒரே ஒரு முஸ்லிம் வீடு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தா கோத்தகிரிக்கு நடந்து போய்விட்டு வருவார்.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பெரியவளானதிலிருந்து, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் வரமாட்டாள். நான் திரைக்கு இரண்டு பக்கமும் போகலாம். ஆனால் எந்தப் பக்கமும் எனக்கு விளையாட ஆள் கிடையாது. தோட்டத்துக் கூலி ஆட்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் அம்மாக்களோடு கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய்விடும். சாயங்காலம் வந்தால், "அதுகளோட என்ன சேர்க்கை, உள்ள வா" என்று அத்தா கூப்பிட்டுவிடுவார். எங்கள் ஆட்கள் யாரும் இல்லாத இடத்தில், எங்கள் ஆட்கள் இல்லை என்பதற்காக மற்றவர்களோடு சேரவிடாமல் வளர்த்தார். இதில் என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பாவம், அவருக்கும் புரிந்திருக்காது.

பகல் முழுக்க நான் கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். பனிக்காலத்தில் மூட்டை வாயைப் பிரித்துக் கையை முழங்கை வரை உள்ளே விடுவேன். மேலே சில்லென்று இருக்கும், போகப் போக வெதுவெதுப்பாக இருக்கும். தேயிலை ஃபாக்டரியில் இலை வாடும் வாசம் தெருவரைக்கும் வரும். பச்சை இலையும் வெந்த இலையும் கலந்தது மாதிரி ஒரு வாசம். பேசுவதற்கு யாரும் இல்லாததால் நான் மூட்டைகளோடு பேசுவேன். அரிசி மூட்டை திமிர் பிடித்தது, கொள்ளு மூட்டை நல்லது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்திருக்கும்.

அத்தாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லைன் ஆட்களுக்கு "ராவுத்தர்". தோட்டத்துக் கிளார்க்குக்கும் "ராவுத்தர்". துரைக்கும் "ராவுத்தர்". அது எங்கள் ஜமாத்துக்கே உரிய பெயர் என்பதோ, தென்னாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தப் பெயர் உண்டு என்பதோ எனக்குத் தெரியாது. உலகத்தில் ஒரே ஒரு ராவுத்தர்தான், அவர் எங்கள் அத்தா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெயரை வைத்து வினை ஆரம்பித்தது துரையால். துரையிடம் ஒரு குதிரை உண்டு. உயரமான, செம்பட்டை நிறக் குதிரை. ஊட்டிப் பக்கத்துப் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் நாய்க் கூட்டத்தோடு நரி வேட்டைக்குப் போவார்கள் இல்லையா, அதற்காக வைத்திருந்தது. அதற்குக் கொள்ளு எங்கள் கடையிலிருந்துதான் போகும். ஒருநாள் கொள்ளில் கல் கிடக்கிறது என்று சொல்ல துரையே கடைக்கு வந்தார். கூடக் கிளார்க்கும், ஃபாக்டரி ஆட்கள் சிலரும் நின்றிருந்தார்கள். கல்லைப் பற்றிப் பேசி முடித்ததும் துரைக்கு விளையாட்டுப் புத்தி வந்தது.

"ராவுத்தர், ஊட்டி கிளப்பில் ஒருவர் சொன்னார். ராவுத்தர் என்றால் குதிரை வீரன். உண்மையா?"

"ஆமாங்க தொரை."

"அப்படியா. உன் குதிரை எங்கே?"

கிளார்க் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். நான் மூட்டை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு அத்தா தராசுத் தட்டைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த ஜும்மாவுக்குப் போனபோது பள்ளிவாசலில் தொழ வைக்கும் அசரத்திடம் இதைக் கேட்டிருக்கிறார். வந்து அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணப்புச் சட்டியைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"கடலோரத்துல அரபு தேசத்துக் குதிரைங்க வந்து எறங்குமாம். அதைக் கொண்டாந்து பாண்டிய ராசாவுக்கு வித்தவங்கதான் நாமன்னு அசரத் சொல்றாரு. நான் ஒத்துக்கல. வித்தவங்க இல்லீங்க, ஏறினவங்கன்னு சொன்னேன். குதிரைப் படையில இருந்தவங்க. எங்க அத்தா அப்படித்தான் சொல்லுவாரு."

"ரெண்டும் இருக்கலாமில்லீங்களா அத்தா? விக்கோணும்னாலும் ஏறி ஓட்டிக் காட்டோணுமே" என்றாள் அக்கா.

"விக்கிறது வேற, ஏறுறது வேற" என்றார் அத்தா. விற்றுப் பிழைக்கிறவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் உருளைக்கிழங்கு மூட்டை இறக்க வந்த படகர் ஊர்க் கவுடரையும் விடவில்லை. கவுடர் ரொம்ப நிதானமான மனுஷர். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார். "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? கன்னடத்துல ராவுதன்னாலே குதிரை மேல உக்காந்து சண்டைக்குப் போறவன்தான். எங்க சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்." அத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. கவுடருக்கு அன்றைக்கு டீயும் வர்க்கியும் கிடைத்தன.

நான் வளர்ந்து, கட்டிக்கொண்ட வீட்டில் புத்தகம் படிக்கிறவர்கள் இருந்ததால், இதையெல்லாம் பிறகு கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அசரத்தும் சரி, அத்தாவும் சரி, கவுடரும் சரி. குதிரை கொண்டுவந்தவர்கள், பழக்கியவர்கள், படையில் ஏறியவர்கள் எல்லோரும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். மரக்கலம் ஓட்டியவர்கள் மரைக்காயர், ஓதிக் கொடுத்தவர்கள் லெப்பை, குதிரை ஏறியவர்கள் ராவுத்தர் என்று நம்மவர்கள் சொல்வதும் அதுதான். வடக்கே போனால் இதே பேர் உள்ள இந்துக்களும் இருக்கிறார்கள். குதிரைக்கு மதம் கிடையாதே. ஆனால் எங்கள் அத்தாவும் அவருடைய அத்தாவும் குதிரை ஏறியதில்லை. குதிரைக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அந்தக் கொள்ளு மூட்டைதான்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அருவங்காட்டு வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. கண்ணாடி போட்டவர். ஒல்லி, நடந்தால் தோள் ஒரு பக்கம் சாயும். பூர்வீகம் தாராபுரம் பக்கம், அவர்களும் ராவுத்தர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அத்தாவோடு கடைக்கு வந்தார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் எனக்குப் பக்கத்தில் மூட்டையில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம் பாப்பா, நீ பகலெல்லாம் என்ன பண்ணுவே?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், மூட்டைகளோடு பேசுவேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எது நல்லாப் பேசும்?" என்று கேட்டார். கொள்ளு என்றேன். "எங்க குவாட்டர்ஸ் பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்குது. ஒரே சத்தமா இருக்கும், அத்தனை புள்ளைங்க. கல்யாணம் ஆனதும் உங்க அக்காகூட நீயும் வந்துரு. சரியா?" என்றார்.

நான் உள்ளே ஓடி அக்காவிடம் சொன்னேன். அக்கா என் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். "உன்னை விட்டுட்டுப் போவேன்னா நெனைச்சே?" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கல்யாணம் அக்காவுடையது மட்டும் இல்லை, என்னுடையதும்கூட. இன்னும் எத்தனை ஜும்மா என்று கேட்டு அத்தாவைத் துளைத்தெடுத்தேன்.

மாப்பிள்ளையின் அத்தாவிடம் எங்கள் அத்தா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை குதிரையில் வரவேண்டும். இது புதிது இல்லை, ராவுத்தர் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரை மேல் ஊர்வலம் வருவது வழக்கம்தான். கீழ்நாட்டில் அதற்கென்று ஒரு கிழட்டு மட்டக்குதிரை இருக்கும், அதைப் பூவால் மூடி, ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நடத்துவான். தூங்கிக்கொண்டே வரலாம். சம்பந்தி அதை நினைத்துத்தான் சரி என்றார். அத்தா நினைத்தது வேறு. அவர் துரையிடம் போய், செம்பட்டைக் குதிரையைக் கேட்டுவிட்டார். துரைக்கு ஒரே குஷி. "நானும் பார்க்க வருகிறேன்" என்றார்.

எந்தக் குதிரை என்று தெரிந்ததும் மாப்பிள்ளை தனியாக வந்தார். கடையில் யாரும் இல்லை. நான் மட்டும்.

"மாமா, ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லுங்க மாப்பிள்ளே."

"எனக்குக் குதிரைன்னா கொஞ்சம் பயமுங்க. சின்ன வயசுல ஒண்ணு தோளைக் கடிச்சுப் போட்டுது. நான் நடந்தே வந்தர்றேனுங்களே."

"நாம ராவுத்தருங்க மாப்பிள்ளே."

"அது எனக்குத் தெரியுமுங்க மாமா. குதிரைக்குத் தெரியாதுங்களே."

அத்தா சிரிக்கவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் அக்கா சிரித்த சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு. மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். முதலில் காது சிவந்தது, பிறகு முகம் முழுவதும். அத்தா சொன்னார், "இந்த மலையில இத்தனை வருசமா என்னைப் பாத்துச் சிரிச்சிருக்காங்க. எங்கூட்டு வாசல்ல ஒருநா ஒரு ராவுத்தன் குதிரையில வந்து எறங்கோணும். அதை அவங்க பாக்கோணும். பத்தடி தூரம் வந்தாலும் போதும்." மாப்பிள்ளை இன்னொரு முறை திரையைப் பார்த்தார். "சரிங்க மாமா, ஏறிக்கிறேன்" என்றார்.

அவர் போனதும் அக்கா முதல் தடவையாக அத்தாவை எதிர்த்துப் பேசினாள். "குதிரை வேண்டாங்க அத்தா. அவரு நடந்து வந்தா என்ன கொறைஞ்சு போகுது?" அத்தா, "உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்றார். அவள் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் துரையின் குதிரைக்காரர் கொள்ளு வாங்க வந்தார். போகிற போக்கில் சொன்னார். "மேளம் அடிங்க, வெடி போடுங்க, எதுக்கும் அசையாதுங்க ராவுத்தரே. நாய்ங்க சத்தம் மட்டும் ஆகாது. நாய் கத்துச்சுன்னா வேட்டைக்குன்னு நெனைச்சுப் புடுங்கிட்டு ஓடும்." அத்தா உடனே காரியத்தில் இறங்கினார். கடைத்தெருவில் இருந்த நாய்களையெல்லாம் பிடித்து மேல் லைனுக்கு அனுப்பிக் கட்டிப்போடச் சொன்னார். அதுகளுக்குப் போட ஆட்டு எலும்பு எல்லாம் அங்கே போயிற்று. அன்று கடைத்தெரு விநோதமாக அமைதியாக இருந்தது.

தை மாதம். காலையில் புல்லெல்லாம் உறைபனி. உப்பைக் கொட்டியது மாதிரி வெள்ளையாக இருந்தது, வெயில் ஏற ஏறக் கரைந்தது. வாசலில் மூங்கில் பந்தல். பின்னால் பெரிய தேக்சாவில் பிரியாணி வெந்தது. கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த மாமி, அதாவது அத்தாவின் தங்கை, அக்காவுக்கு அலங்காரம் செய்தார். என் துணிகளை நான் முந்தின நாளே மூட்டையாகக் கட்டிவிட்டேன். ஒரு பாவாடை, இரண்டு சட்டை, சீப்பு. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் தெருமுனையில் மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றினார்கள். தலைப்பாகையிலிருந்து முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கியது. பூ சிக்குகிறது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார்களாம். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. இரண்டு கையாலும் சேணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்திருந்தார். மேளம் அடித்தது. லைன் ஆட்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வேலை முடிந்து வந்து இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். குதிரை நிதானமாக நடந்தது. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அத்தா பந்தல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது துரையின் கார் வந்தது. துரை இறங்கினார், துரைசானி இறங்கினார். பின்னாலேயே மூன்று வேட்டை நாய்கள் குதித்து இறங்கின.

நான் அத்தாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். குதிரைக்காரர் தூரத்திலிருந்து நாய்களைப் பார்த்தார், அப்புறம் அத்தாவைப் பார்த்தார். அத்தா நாய்களைப் பார்த்தார். அவருடைய கை என் தோளில் இருந்தது, அது இறுகியது எனக்குத் தெரிந்தது. கடைத்தெரு நாய்களையெல்லாம் கட்டிப்போட்ட மனுஷர். இதற்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தொரை" என்றார்.

"என்ன ராவுத்தர்?"

அத்தா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சர்பத் குடிக்கிறீங்களா தொரை?"

எனக்கு வயது ஒன்பது. இருந்தாலும் அவர் வேறெதையோ சொல்ல வந்தார் என்று தெரிந்தது. பாண்டிய ராஜாவின் குதிரைப் படையிலிருந்து வந்தவர், உங்கள் நாயைக் கட்டுங்கள் என்று சொல்லமுடியாமல் சர்பத் கொடுத்தார். இதை நினைத்து அவர்மேல் எத்தனையோ வருஷம் ஆத்திரப்பட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நானாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

மேளச் சத்தத்துக்கு நாய்கள் குரைத்தன. குதிரை காதை நிமிர்த்தியது. கடிவாளம் குதிரைக்காரர் கையை அறுத்துக்கொண்டு போயிற்று. கூட்டம் சிதறியது. மாப்பிள்ளை கத்தவே இல்லை. எங்கள் பந்தலைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, ரோட்டு வளைவு வரைக்கும் குதிரை மேல்தான் இருந்தார். வளைவில் குதிரை ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாறை மேல் விழுந்தார்.

கதவுப் பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. கடைக்குள் மூட்டைகள் மேல் படுக்க வைத்தார்கள். துரை நல்ல மனுஷர்தான், முகம் வெளுத்துப்போய், "என் காரில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். "வாசல்படி மிதிக்கும் முன்னாலயே எம்மவனை விழுங்கப் பாத்துட்டா, இந்தப் பொண்ணு வேண்டாம், வாங்க போலாம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அத்தா சுவரோரமாக நின்றிருந்தார்.

மாப்பிள்ளைதான் பேசினார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நிக்காஹ் முடிச்சுட்டுப் போலாங்க" என்றார்.

"இந்த நெலமையிலயா?" என்றார் அசரத்.

"கால்தானுங்க ஒடைஞ்சிருக்குது. வாய் நல்லாத்தான் இருக்குது."

அசரத்தும் சாட்சிகள் இருவரும் திரைக்கு வந்து அக்காவிடம் சம்மதம் கேட்டார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள், இரண்டு மூன்று தடவை கேட்கவேண்டும், பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அக்கா அவர் கேட்டு முடிக்கவே விடவில்லை. "சம்மதம்" என்றாள். கடைக்குள் படுத்திருந்தவருக்கும் கேட்கும்படி, தெருவரைக்கும் கேட்கும்படி சொன்னாள். மாமி அவள் தொடையில் கிள்ளினார். எனக்கு அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

எங்கள் தாலியான கருகமணியைக் கட்டியதும் மாப்பிள்ளையைக் காரில் ஏற்றிக் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் மாமியாரும் கூடவே போனார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. மூட்டையோடு வாசல்வரை ஓடிவந்த நான் அப்படியே நின்றேன். பிரியாணியை லைன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எங்களைப் பார்க்கத் தயங்கிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாலு மாதம் அக்கா ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். நானும் அத்தாவும் கணப்புச் சட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். அவர் என்னிடம் பேசமாட்டார். எனக்கும் மூட்டைகளோடு பேசப் பிடிக்கவில்லை, ஒரு மனுஷர் வந்து கேட்டுப்போன பிறகு அது சுவைக்கவில்லை. கவுடர் மட்டும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். துரையின் குதிரைக்குக் கொள்ளு போய்க்கொண்டுதான் இருந்தது. கொடுக்காமல் என்ன செய்வார்? துரை ஒருதடவை வந்து, "ரொம்ப வருத்தம், ராவுத்தர்" என்றார். "ஆமாங்க தொரை" என்றார் அத்தா. நாயைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை இனி எனக்கு மச்சான். மச்சானின் கால் ஒட்டியது, ஆனால் கட்டையாக ஒட்டியது. அருவங்காட்டு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி வேலைக்குப் போகமுடியாது என்று அவரே வேலையை விட்டுவிட்டார். குவாட்டர்ஸ் போயிற்று. தாராபுரத்தில் அவர் அத்தாவின் கோரைப்பாய்க் கடைக்கே போவது என்று முடிவாயிற்று. பிற்காலத்தில் அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு, காலைப் பற்றிக் கேட்கிறவர்களிடமெல்லாம், "குதிரையில இருந்து விழுந்துட்டனுங்க" என்று அவ்வளவு கம்பீரமாகச் சொல்வார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் தெரிந்த காலம்வரை குதிரையிலிருந்து விழுந்த ஒரே ராவுத்தர் அவர்தான். விழுவதற்கும் ஏறவேண்டுமே என்பாள் அக்கா. இதெல்லாம் பின்னால் நடந்தது, எப்போதாவது போகும்போது நான் பார்த்தது.

அவர்கள் தாராபுரம் போகிற நாள் ஒரு லாரி எங்கள் கடை முன்னால் வந்து நின்றது. அக்காவின் பெட்டியையும் பாத்திரங்களையும் ஏற்றவேண்டும். மச்சான் முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், அவள்மேல் ஆஸ்பத்திரி மருந்து வாசம் அடித்தது. அத்தா உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து என் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவரே லாரியில் வைத்தார். நான் சொல்லவே இல்லை. அவருக்கு அது அங்கே இருப்பது தெரிந்திருக்கிறது.

அக்காவின் மாமியார் மூட்டையைப் பார்த்தார். "இது என்ன?"

"சின்னவளும் வரட்டுங்க. அவளுக்கு இங்க யாருமில்ல" என்றார் அத்தா.

"அங்க மட்டும் என்ன இருக்குது? எம்மவன் நடக்க இன்னும் ஆள் புடிக்கோணும். உங்க புள்ளையவும் நானா பாக்கறது?" என்றார் மாமியார்.

"வரட்டும்மா, நான் பேச்சுக் குடுத்திருக்கேன்" என்றார் மச்சான் உள்ளேயிருந்து. அந்தம்மா மூட்டையை எடுத்துக் கீழே வைத்தார். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். அக்கா கணவனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "மழை நின்னதும் ஆளனுப்பறேன் கண்ணு. அதுவரைக்கும் அத்தாவைப் பாத்துக்கோ" என்றாள். பொய் சொல்லவில்லை, அவள் அப்படித்தான் நினைத்தாள். எத்தனையோ மழை நின்றது.

லாரி வளைவில் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் கீழே இன்னொரு வளைவில் கேட்டது, பிறகு இன்னும் கீழே கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் மூட்டைக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே நின்றேன். அழுகை வரவில்லை. அத்தா எனக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். அவர் என் உயரத்துக்கு உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ போகலைன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருக்குது கண்ணு. அப்படிச் சொன்னா கோவிச்சுக்குவியா?"

"கோவிச்சுக்குவேன்" என்றேன்.

அத்தா தலையை ஆட்டினார்.

"சரி, கோவிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, என் மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.